முள்ளும் கியரும் சேர்ந்து சண்டித்தனம் செய்தால்: பழைய ஓட்டோ காரை முதலில் யாரிடம் கொண்டுபோவது?

பதினைந்து, இருபது வயதான ஓட்டோ கார், அதாவது கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் கார். காலையில் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து கிளம்பும்போது ஒரு குறையும் இல்லை. துன் ரசாக் சாலை ஜாமில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு வேக மீட்டரின் முள் திடீரென்று பூஜ்யத்தில் விழுகிறது. கூடவே கியர் ஓர் உதை உதைத்து மூன்றாவதிலேயே நின்றுகொள்கிறது. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் எல்லாம் பழையபடி. மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோனால் கார் நல்ல பிள்ளையாக ஓடும். ஃபோர்மன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்னும் இல்லையே, மறுபடி வந்தா கொண்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்.

இப்படி மாட்டிக்கொண்டவருக்கு ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. கியர் எண்ணெயை மாற்று என்பார் ஒருவர். சென்சர்தான், ஒன்று வாங்கிப் போடு என்பார் அடுத்தவர். ஸ்கேன் செய்யச் சொல்பவர் உண்டு, காரின் மின்வயர் வேலை பார்க்கும் ஒயர்மேனிடம் போகச் சொல்பவர் உண்டு, ரீகோன் (புதுப்பித்த) கியர்பாக்ஸ் ஏற்றிவிடு, தொல்லை விட்டது என்பவரும் உண்டு. விற்றுத் தொலை என்று மனைவி வீட்டார் சொல்வதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர்கள் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. எல்லாமே ஏதோ ஒரு காருக்குச் சரியான பதில்தான். நம் காருக்கு எது, எந்த வரிசையில் என்பதில்தான் பணம் போவதும் மிஞ்சுவதும் இருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முள்ளும் கியரும் ஒரே நேரத்தில் கெடுகின்றன என்றால் முதல் செலவு ஒயர்மேனுக்குப் போகட்டும். கியர்பாக்ஸ் கடைக்கு முறை கடைசியில் வரட்டும்.

காரணம், முள்ளை ஆட்டும் பொருள் எது என்பதில் இருக்கிறது. பெரோடுவா கன்சில் காலத்து வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து மீட்டர் வரை ஒரு கேபிள் சுழலும். கேபிள் காய்ந்துபோனாலோ மடங்கினாலோ முள் நடுங்கும், டிக் டிக் என்று சத்தமும் வரும். அதைக் கண்டுபிடிக்கக் கட்டுரை தேவையில்லை. பிறகு வந்த கார்களில் கேபிள் போய், கியர்பாக்ஸின் மேல் ஒரு சிறு சென்சர் வந்தது. ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் அதைச் சுழற்றும். ஒரு சுற்றுக்கு நான்கு மின் துடிப்புகள். ஜப்பானியத் தர அளவின்படி அந்தப் பல்சக்கரம் கிலோமீட்டருக்கு 637 சுற்று சுற்றும், ஆக 2548 துடிப்புகள். ஜப்பானியக் கார்கள் பலவற்றிலும் அவற்றின் வழிவந்த உள்ளூர்க் கார்களிலும் இதுதான் கணக்கு. மீட்டர் இந்தத் துடிப்புகளை எண்ணி முள்ளை நகர்த்துகிறது. இன்ஜின் கம்ப்யூட்டரும் அதே சிக்னலைப் பார்த்துத்தான் கார் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரிந்துகொள்கிறது. முள் விழும் நாட்களில் சமிக்ஞை விளக்கை நெருங்கும்போது இன்ஜின் அணைந்துபோகிறது என்று சிலர் சொல்வது இதனால்தான்.

கியர் கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் தனியாக இரண்டு சென்சர்கள் இருக்கும். ஒன்று கியர் பெட்டிக்குள் நுழையும் சுழற்சியை எண்ணும், மற்றது வெளியேறும் சுழற்சியை எண்ணும். இரண்டின் விகிதம், கம்ப்யூட்டர் கேட்ட கியருக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், அல்லது ஒரு சென்சரிடமிருந்து சத்தமே வராவிட்டால், மிட்சுபிஷி வழிவந்த, நான்கு கியர் கொண்ட பெட்டிகளில் கம்ப்யூட்டர், கியரை மாற்றும் மின்வால்வுகளான சொலினாய்டுகளுக்கான மின்சாரத்தையே நிறுத்திவிடும். மின்சாரம் இல்லாத பெட்டி மூன்றாவது கியரில் நிற்கும். கெட்டுப்போனதால் அப்படி நிற்பதில்லை; மெதுவாக ஓட்டி வீடு போய்ச் சேரட்டும் என்றே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். உள்ளே கிளட்ச் தட்டு தேய்ந்தால் கியர் வழுக்கும், சரி. முள் ஏன் விழ வேண்டும்? சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்வரை முள் நிமிர்ந்துதான் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து விழுகின்றன என்றால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். அது ஒரு ஃபியூஸாக இருக்கலாம், ஓர் எர்த் வயராக இருக்கலாம், இரண்டு சிக்னலும் ஒரே கட்டாக ஓடும் வயரிங்காக இருக்கலாம். சில கார்களில் இரண்டு வேலையையும் பார்ப்பது ஒரே சென்சர்தான். இவை எல்லாமே பெட்டிக்கு வெளியே இருப்பவை.

யாரிடம் போவதானாலும் அதற்குமுன் கொஞ்சம் கவனித்துக் குறித்துக்கொள்வது இலவசம். கோளாறு வந்தபோது மழையா, வெயிலா, இன்ஜின் சூடேறி எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, குழியில் விழுந்து எழுந்ததா, ஏர்கோன், முன்விளக்கு, வைப்பர் எல்லாம் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தனவா. மழையில் மட்டும் வந்தால் சாக்கெட்டுக்குள் தண்ணீர். குழியில் வந்தால் தளர்ந்த இணைப்பு. சூட்டில் மட்டும் வந்தால் சென்சரோ சொலினாய்டோ உள்ளே அறுந்து சேர்கிறது. எண்ணெய் நீர்த்துப்போய் அழுத்தம் குறைவதும் சூட்டில்தான் வரும், ஆனால் அதற்கு முள் விழாது. இன்ஜின் சுழற்சியைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளையும் பாருங்கள். மிதித்தவுடன் ஆர்பிஎம் மட்டும் எகிறி, வேகம் ஏறாமல், வேக முள் நிதானமாக நின்றால் அது உண்மையான வழுக்கல். சிவப்பு விளக்கிலிருந்து கிளம்பும்போது கார் சோம்பலாக நகர்ந்து, லீவரை டி-யிலிருந்து 2-க்கு இழுத்தாலும் எந்த மாற்றமும் இல்லை என்றால் மூன்றாவதில் பூட்டிக்கொண்டது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "கியர் வழுக்குது" என்று கடையில் சொன்னால், கடைக்காரர் உங்கள் வார்த்தையை நம்பியே பெட்டியை இறக்குவார்.

சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்பதை மட்டும் வைத்து மின்கோளாறு என்று முடிவுகட்ட வேண்டாம். கிளட்ச் வழுக்கி விகிதம் பொருந்தாமல் போனாலும் கம்ப்யூட்டர் பூட்டும், சாவியைப் போட்டால் திறக்கும், அடுத்த வழுக்கலில் மறுபடி பூட்டும். அப்போது சாட்சி சொல்வது வேக முள்தான்: கியர் பூட்டியபோது முள் நடுங்காமல் இருந்ததா இல்லையா.

முள்ளையே சந்தேகப்படுபவர்கள் கைப்பேசியில் வேஸ் செயலி காட்டும் வேகத்தோடு ஒப்பிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் முள் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது கோளாறு அல்ல. ஐ.நா.வின் 39ஆம் வாகன விதிப்படி முள் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது; கூடுதலாக, உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதன்மேல் 4 கிலோமீட்டரும் வரை காட்டலாம். உண்மையில் 90இல் போகும் காரின் முள் 103 வரை சொன்னாலும் விதிக்குள்தான். குறைவாகக் காட்டினால், அல்லது 80க்கும் 40க்கும் இடையே துள்ளினால், பல்சக்கரத்தின் பற்கள் தேய்ந்திருக்கலாம். அதில் கியர் பெரும்பாலும் கெடாது.

எண்ணெய் மாற்றுவதா?

பலரும் முதலில் செய்வது இது. கெடுதல் இல்லை, ஆனால் முள் விழுவதை எண்ணெய் சரிசெய்யாது. மாற்றுவதைவிடப் பார்ப்பதே முக்கியம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பெட்டி நன்றாகச் சூடாகி, லீவரை எல்லாக் கியருக்கும் ஒரு முறை கொண்டுபோய் என்-இல் நிறுத்தியபின் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். மிட்சுபிஷி வகைப் பெட்டிகளுக்கு இதுதான் முறை. சிவப்பு நல்லது. பழுப்பாகி, கருகிய வாடை வந்தால் உள்ளே தட்டு எரிந்திருக்கிறது. பண்டுங் பானம் போல இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால் ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் இருக்கும் கியர் எண்ணெய்க் குளிரூட்டி ஓட்டையாகி, தண்ணீர் பெட்டிக்குள் போயிருக்கிறது. அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். மாற்றுவதானால் வகை முக்கியம்: எஸ்பி-3 கேட்கும் பெட்டிக்கு டெக்ஸ்ரான் ஊற்றக் கூடாது. "எல்லா ஓட்டோவுக்கும் ஒரே எண்ணெய்தான்" என்று சொல்லும் கடையில் கியர் வேலை கொடுப்பதற்கு எனக்கு மனசு வராது. வடித்து ஊற்றினால் பாதி எண்ணெய்தான் மாறும், மீதி, இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சென்சரை வாங்கிப் போட்டுவிடலாமா?

விலை கியர்பாக்ஸோடு பார்த்தால் அற்பம், மாற்றுவதும் பல கார்களில் சின்ன வேலை. அதனால்தான் இந்த வழி கவர்ச்சியாக இருக்கிறது. முள் மட்டும் கெட்டு, கியர் நன்றாக இருக்கும் காருக்கு நானும் இதைத்தான் சொல்வேன். இரண்டும் சேர்ந்து கெடும் காரில் இது குருட்டு அதிர்ஷ்டம். ஜாலான் ஈப்போ பக்கம் உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கடையில் ஒரிஜினல் என்று கொடுப்பதும் பக்கத்துக் கடையில் பாதி விலைக்குக் கொடுப்பதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். புதுச் சென்சர் போட்டும் கோளாறு திரும்பினால், கெட்டது புதுச் சென்சரா பழைய வயரா என்று அப்புறம் இரண்டு கேள்விகள். சாக்கெட்டைக் கழற்றித் துடைத்து மாட்டியதாலேயே சில கார்கள் சரியாகிவிடும்; பேர் மட்டும் புதுச் சென்சருக்குப் போய்விடும்.

ஸ்கேன்

ஸ்கேன் செய்வது நல்ல காசுக்கு நல்ல வேலை, இயந்திரம் உங்கள் காரின் கியர் கம்ப்யூட்டரோடு பேசினால். இணையத்தில் வாங்கும் சின்ன புளூடூத் கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் கம்ப்யூட்டரை மட்டும் படிக்கும். புரோட்டோன் விரா காலத்துக் கார்கள் பலவற்றில் ஸ்கேன் கருவியை மாட்டும் 16 ஊசிச் சாக்கெட்டே கிடையாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "ஸ்கேன் இருக்கா" என்பது இல்லை. "இந்த மாடலோட கியர் கோடு படிக்குமா" என்பதுதான்.

கோடு, அதாவது கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறு எண், வந்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அழிக்கவிடாதீர்கள். பி0500 என்றால் வேக சென்சர் சிக்னல். பி0715 நுழையும் சுழற்சி, பி0720 வெளியேறும் சுழற்சி. பி0731 முதல் பி0734 வரை என்றால் விகிதம் பொருந்தவில்லை. பி0500-உம் பி0720-உம் ஒன்றாக வந்தால் எனக்கு உடனே ஃபியூஸும் எர்த்தும்தான் நினைவுக்கு வரும்; இரண்டு சென்சர்கள் ஒரே நாளில் சாக வேண்டிய அவசியம் இல்லை. பி0732 மட்டும் தனியாக, முள் நன்றாக இருக்கும்போது வந்தால் கியர்பாக்ஸ் கடைக்குப் போக வேண்டிய முகாந்திரம் இருக்கிறது. ஆனால் கோடு சொல்வது எந்தச் சிக்னல் காணவில்லை என்பதை மட்டுமே. எங்கே அறுந்தது என்று அது சொல்லாது. "பி0720 வந்திருக்கு, சென்சர் மாத்தணும்" என்று அந்த இடத்திலேயே முடிவு சொல்பவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

ஒயர்மேன்

மச்சான் காரைச் செந்தூல் பக்கம் ஓர் ஒயர்மேனிடம் கொண்டுபோனபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் ஸ்கேனரை எடுக்கவே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஏர்கோன், முன்விளக்கு, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடச் சொல்லி பேட்டரியில் வோல்ட்டைப் பார்த்தார். பதிமூன்றரைக்கும் பதினான்கரைக்கும் இடையே இருக்க வேண்டும், இருந்தது. அடுத்து மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைக் கியர்பாக்ஸ் உடம்பிலும் வைத்தார். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயர் மோசம். அதுவும் பரவாயில்லை.

அப்புறம்தான் ஜாக்கி. பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்தார். இரண்டையும் தூக்கினால் என்ன அண்ணே என்று மச்சான் கேட்டார். "தூக்கினா ஒன்னைச் சுத்தறப்ப இன்னொன்னு எதிர்ப்பக்கம் சுத்தும் தம்பி. உள்ள டிஃப்ரன்ஷியல் நகராது, சென்சரும் சுத்தாது." லீவரை என்-இல் வைத்து, சாவியை ஆன் செய்து, வேக சென்சரின் மூன்று வயர்களில் சிக்னல் வயரின் பின்பக்கம் ஊசியைச் செருகினார். சக்கரத்தை மெதுவாகக் கையால் உருட்ட, மீட்டரில் 0, 5, 0, 5 என்று எண்கள் மாறி மாறி வந்தன. சென்சர் நன்றாக இருக்கிறது. உருட்டுவதை என்னிடம் விட்டுவிட்டு, வயர் கட்டைக் கை விட்டுக் கை மாற்றிப் பிடித்து ஆட்டிக்கொண்டே போனார். பேட்டரித் தட்டுக்கு அடியில் வளைகிற இடத்தை அழுத்தியதும் எண் 5-இலேயே நின்றுவிட்டது.

டேப்பைப் பிரித்தால் மேலே வயர்களின் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றைக் கீறிக் காட்டினார். உள்ளே செம்பு பச்சைப் பொடியாக இருந்தது. என்றோ கசிந்த பேட்டரி அமிலம் அந்த வளைவில் தேங்கி, தோலில் இருந்த ஊசித் துளை வழியாக உள்ளே போய் இரண்டு பக்கமும் அரித்துக்கொண்டே போயிருக்கிறது. வேக சென்சரின் வயரும் கியர்பாக்ஸிலிருந்து வெளியேறும் சுழற்சியைச் சொல்லும் வயரும் பக்கம் பக்கமாகவே ஓடின. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புது வயர் வைத்து, ஈயம் வைத்துப் பற்றி, சுருங்கும் குழாய் போட்டு, கட்டைத் தட்டிலிருந்து தள்ளிக் கட்டினார். கேட்ட கூலி ஒரு சென்சர் விலைகூட இல்லை.

எல்லா ஒயர்மேனும் இப்படி இல்லை. இந்த வழியின் பலவீனமே ஆளைப் பொறுத்தது என்பதுதான். வோல்ட் பார்க்காமல் நேராக "மீட்டர் போர்டு போச்சு" என்று தொடங்குகிறவரும் உண்டு. அப்படிப் போவதும் நடக்கும்தான்: மீட்டரின் பின்பலகையில் ஈயப்பற்று விரிசல் விடுவதும், தொண்ணூறுகளின் மிட்சுபிஷி கம்ப்யூட்டர்களில் மின்தேக்கிகள் கசிந்து பலகையை அரிப்பதும் தெரிந்த கதை. ஆனால் வயரை முடித்துவிட்டு அங்கே போக வேண்டும். சூட்டில் மட்டும் வரும் கோளாறு குளிர்ந்த காரில் ஆட்டினால் அகப்படாது. சென்சருக்குத் தலைமுடி காயவைக்கும் கருவியால் சூடு காட்டியபடி சக்கரத்தை உருட்டச் சொல்லுங்கள். செய்ய மாட்டேன் என்றால் இன்னொருவரைப் பாருங்கள்.

லீவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சுவிட்ச் பெட்டியின் மேல் இருக்கும், தண்ணீரும் தூசும் சேரும். டாஷ்போர்டில் டி விளக்கு அணைந்து அணைந்து வருகிறதா, பி-யில் ஸ்டார்ட் ஆகாமல் என்-இல் மட்டும் ஆகிறதா என்று கேட்டுவிட்டு, ஆம் என்றால் அதையும் ஒரு கை பார்க்கச் சொல்லுங்கள்.

ரீகோன் கியர்பாக்ஸ் எப்போது?

முள் நிதானமாக இருந்து ஆர்பிஎம் எகிறும்போது. டி போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்துத் திடுக்கென்று பிடிக்கும்போது. எண்ணெய் கருகியிருக்கும்போது. அடித்தட்டைக் கழற்றினால் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருப்பது இயல்பு. அதோடு இரும்புச் சில்லுகள் வந்தால் விஷயம் முடிந்தது. அதற்கு முந்திய ஒரு படியும் உண்டு, கடைகள் சொல்ல மறந்துவிடும்: சொலினாய்டு மட்டும் போயிருந்தால் பல பெட்டிகளில் அடித்தட்டையோ பக்க மூடியையோ கழற்றி மாற்றிவிடலாம், பெட்டியை இறக்க வேண்டாம்.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஜப்பானில் ஓடிய காரிலிருந்து வெட்டி எடுத்து வந்த ஹாஃப்-கட் பெட்டியா, உங்கள் பெட்டியையே பிரித்துக் கட்டுவதா? ஹாஃப்-கட் விரைவு. ஆனால் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது யாருக்கும் தெரியாது. சென்சர் சாக்கெட்டோ உள்ளே பல் எண்ணிக்கையோ உங்கள் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாமல் போனால் முள் பொய் சொல்ல ஆரம்பிக்கும். பிரித்துக் கட்டுவதற்கு நாள் பிடிக்கும். தட்டும் சீலும் புதிது, சாக்கெட் உங்களுடையதே, பிரித்த பாகங்களைக் கண்ணால் பார்க்கலாம். பார்க்க விடும் கடையாக இருந்தால் நான் பிரித்துக் கட்டுவதைத்தான் எடுப்பேன். கன்வெர்ட்டரும் சேர்த்தா, ரேடியேட்டர் குளிரூட்டியைக் கழுவித் தருவீர்களா, உத்தரவாதம் எழுத்தில் உண்டா என்று கேட்டுவிட்டே முன்பணம் கொடுங்கள். இந்தச் செலவு ஆயிரங்களில் போகும். வயர் கோளாறு உள்ள காருக்கு இதைச் செய்தால் புதுப் பெட்டியும் அதே துன் ரசாக் சாலையில் மூன்றாவது கியரில் நிற்கும்.

விற்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. உடம்பு துருப்பிடித்து, இன்ஜினும் புகைத்து, இப்போது பெட்டியும் போய்விட்டது என்றால் விற்றுவிடலாம். கோளாறு இன்னதென்று தெரியாமலே விற்றால் கெட்ட கியர்பாக்ஸ் காரின் விலைதான் கிடைக்கும், கோளாறு இரண்டு விரற்கடை வயராக இருந்தாலும். முள் விழுந்திருந்த நேரமெல்லாம் ஓடோமீட்டரும் ஓடியிருக்காது. அதை வாங்குபவரிடம் சொல்லி எழுதிக் கொடுப்பது மரியாதை, பின்னால் வம்பும் வராது.

ஒயர்மேன் நாள் கொடுக்கும்வரை காரை ஓட்டலாமா என்றால், தட்டையான சாலையில் மெதுவாக ஓட்டலாம். மூன்றாவதில் பூட்டிய பெட்டி நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் கன்வெர்ட்டர் எண்ணெயைச் சூடாக்கும், ஆகவே ஜாம் நேரத்தைத் தவிருங்கள். கராக் நெடுஞ்சாலை, கெந்திங் மேடு வேண்டவே வேண்டாம். வேகத்துக்குக் கைப்பேசியை டாஷ்போர்டில் மாட்டிக்கொள்ளுங்கள்; 110 எல்லையுள்ள சாலையில் முள் பூஜ்யத்தில் இருந்தது என்று கேமராவிடம் சொல்லிப் பயனில்லை.